சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒரு எளிய டெஸ்ட் ஏன் இல்லை? நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பெண்களுக்கான முழு உடல் பரிசோதனை’ என்று ஒரு பேக்கேஜ் விளம்பரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பட்டியலின் கடைசியில் ‘சிஏ-125 – ஓவரி கேன்சர் டெஸ்ட்’. “இதை எடுத்துக்கலாமா?” என்று சித்தி கேட்டார். ‘வேண்டாம் சித்தி’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போனால் லட்சக்கணக்கான பெண்கள் கலந்துகொண்ட ஆய்வுகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்று கிளைத்தது. அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சினைப்பை, கர்ப்பப்பை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. குழந்தை வளரும் இடம் கர்ப்பப்பை. அதன் இரு பக்கமும் ஏறக்குறைய பாதாம் பருப்பு அளவில் இருப்பவை சினைப்பைகள். முட்டை உருவாவது அங்கே. இலங்கையில் சூலகம் என்பார்கள். சினைப்பையிலிருந்து வரும் முட்டையை வாங்கிக் கர்ப்பப்பைக்குக் கொண்டுபோவது கருக்குழாய். இந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கதையின் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெயர்க் குழப்பத்தால் ஒரு ஆபத்தும் உண்டு. “பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல், அதனால் கவலை இல்லை” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கானது. சினைப்பை எப்படி இருக்கிறது என்று அறிய அது உதவாது. எச்பிவி தடுப்பூசியும் அப்படித்தான்.

சரி, சிஏ-125 என்றால் என்ன?

ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அளவு. 1981இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர், சினைப்பைப் புற்றணுக்களோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றைத் தேடி, ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். சரிப்பட்டு வந்தது 125ஆவது. பெயரிலுள்ள எண் அங்கிருந்து வந்ததுதான். 35 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்று லேப் ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள்.

சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. முதல் நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு ஏறியே இருக்காது. மறுபக்கம், மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு கட்டி என்று புற்றுநோயே இல்லாத பல காரணங்களால் ஏறும். நம் ஊரில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 ஏகத்துக்கு ஏறி, ஸ்கேனிலும் புற்றுநோய் மாதிரியே தெரிந்து, கடைசியில் பயாப்சியில் காசநோய் என்று தெரியவரும் நோயாளிகளை இந்திய மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

இந்த டெஸ்ட் உண்மையில் கைகொடுப்பது, நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்தொடர்வதற்கு. அறிகுறி உள்ளவருக்கு ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பதற்கும் பயன்படும்.

ஒருமுறை எடுத்தால்தானே குழப்பம்? ஆண்டுதோறும் எடுத்து, ஏறுகிறதா என்று பார்த்தால்?

இதே யோசனை பிரிட்டனில் இயன் ஜேக்கப்ஸ், உஷா மேனன் ஆகியோருக்கும் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஸ்டீவன் ஸ்கேட்ஸுக்கும் வந்தது. 35 என்ற ஒரே கோட்டை எல்லோருக்கும் போடாமல், ஒரு பெண்ணின் இந்த ஆண்டு அளவை அவருடைய பழைய அளவுகளோடு ஒப்பிடும் கணக்குமுறை ஒன்றை உருவாக்கினார்கள். 12இலிருந்து 18, பிறகு 27 என்று ஏறினால் மூன்றுமே ‘நார்மல்’தான். ஆனால் போக்கு சரியில்லை.

யோசனை நல்லது. அது உயிரைக் காப்பாற்றுமா என்று பார்க்க நடந்ததுதான் ‘யூகேசிடாக்ஸ்’ என்ற கூட்டு ஆய்வு. 2001 முதல் 2005 வரை இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தின் 13 மையங்களில் 50 முதல் 74 வயது வரையிலான, மாதவிலக்கு நின்ற 2,02,638 பெண்கள் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் மூன்று குழு. கால்வாசிப் பேருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, சந்தேகம் வந்தால் ஸ்கேன். இன்னொரு கால்வாசிப் பேருக்கு ஆண்டுதோறும் உள்வழி ஸ்கேன். மீதிப் பாதிக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை. 2011 இறுதி வரை பரிசோதனைகள் நடந்தன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பின்தொடர்ந்தார்கள்.

2021 மே மாதம் இறுதி முடிவு வந்தது. பாதிப் பேரையாவது 16 ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்திருந்தார்கள். சினைப்பை அல்லது கருக்குழாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 2,055 பேர், அதனால் இறந்தவர்கள் 1,206 பேர். ரத்தப் பரிசோதனைக் குழுவில் இறந்தவர்கள் 0.6 சதவீதம். ஸ்கேன் குழுவில் 0.6 சதவீதம். ஒன்றும் செய்யாத குழுவிலும் அதே 0.6 சதவீதம்.

அதெப்படி? முன்கூட்டியே கண்டுபிடித்தும் பயனில்லையா?

எனக்கும் இது முதலில் ஜீரணிக்க முடியாத செய்தியாகத்தான் இருந்தது. ஏனென்றால் ரத்தப் பரிசோதனைக் குழுவில் முதல் நிலையிலேயே கண்டறியப்பட்டவர்கள் பரிசோதனை இல்லாத குழுவைவிட 47 சதவீதம் அதிகம், நான்காம் நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 24.5 சதவீதம் குறைவு. அதாவது டெஸ்ட் தன் வேலையைச் செய்தது. நோய் முன்னதாகப் பிடிபட்டது. ஆனாலும் இறப்பு குறையவில்லை.

காரணம், சினைப்பைப் புற்றுநோய் ஒரே வேகத்தில் ஓடும் நோய் அல்ல. மெதுவாக வளரும் வகை முன்னதாகப் பிடிபட்டால் எண்ணிக்கை அழகாகத் தெரியும், ஆனால் அவர்களில் பலர் தாமதமாகக் கண்டறிந்தாலும் பிழைத்திருக்கக்கூடியவர்கள். பெரும்பாலான உயிர்களை எடுப்பது உக்கிரமான வகை. அதைச் சில மாதங்கள் முன்னால் பிடிப்பது போதவில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் புரிதல்.

இந்த ஆய்வு நமக்குச் சொல்லித்தருவதில் முக்கியமானது இதுதான் என்பது என் எண்ணம். ‘சீக்கிரம் கண்டுபிடித்தோம்’ என்பது வேறு, ‘உயிரைக் காப்பாற்றினோம்’ என்பது வேறு. ஒரு டெஸ்ட்டை விற்பவர் முதலாவதை மட்டும் சொல்வார். இரண்டாவதை அறிய இரண்டு லட்சம் பேரும் இருபது ஆண்டும் தேவைப்பட்டன.

பயனில்லாவிட்டாலும் எடுத்து வைத்தால் நஷ்டமில்லையே?

நஷ்டம் உண்டு. ஒரு சின்னக் கணக்கு. மாதவிலக்கு நின்ற பெண்கள் 2,500 பேரைச் சோதித்தால் ஒருவருக்குத்தான் இந்த நோய் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நோய் இல்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சரியாகவே ‘இல்லை’ என்று சொல்லும் அருமையான டெஸ்ட் ஒன்று இருப்பதாக வையுங்கள். அப்போதும் அந்த ஒருவரோடு இன்னும் 25 பேரின் ரிப்போர்ட்டில் ‘இருக்கலாம்’ என்று வரும். மார்பகத்தில் ஊசி போட்டுத் திசு எடுப்பதுபோல இங்கே சுலபமாக எடுத்துப் பார்த்துவிட முடியாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி.

அமெரிக்காவில் 78,216 பெண்கள் கலந்துகொண்ட ‘பிஎல்சிஓ’ ஆய்வில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக் குழுவில் 3,285 பேருக்குத் தவறான ‘பாசிட்டிவ்’ வந்தது. அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதில் 163 பேருக்குக் குறைந்தது ஒரு கடுமையான பக்கவிளைவாவது ஏற்பட்டது. இவர்கள் யாருக்கும் புற்றுநோய் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இந்த ஆய்விலும் இறப்பு குறையவில்லை.

எனவே அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத சித்திக்கு என் பதில் ‘வேண்டாம்’தான்.

அப்படியென்றால் அந்த இரண்டு லட்சம் பெண்களின் உழைப்பு வீணா?

சத்தியமாக இல்லை. இந்த முடிவு வராமல் போயிருந்தால், 47 சதவீதம் என்ற அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டே உலகம் முழுக்க ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பெண்களுக்கு இந்த டெஸ்ட் எழுதியிருப்பார்கள். அப்புறம், அவர்கள் தந்த ரத்த மாதிரிகள் உறைநிலையில் இருக்கின்றன. நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்த ரத்தம் அது. இன்றைக்குப் புதிதாக ஒரு குறியீடு கண்டுபிடித்தால், அது நோயை எவ்வளவு முன்னதாகக் காட்டுகிறது என்று சோதிக்க இதைவிட நல்ல சேமிப்பு கிடைப்பது அரிது. கணையப் புற்றுநோய் ஆய்வுக்குக்கூட அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஏன் பல நாடுகள் சேர வேண்டும்? ஒரு பெரிய மருத்துவமனை செய்யக் கூடாதா?

உலக அளவில் 2022இல் சுமார் 3,24,000 பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. பெரிய எண்தான். ஆனால் இது ஒரே நோய் அல்ல. பெயர் ஒன்று, வகை குறைந்தது ஐந்து. சில வகைகள் மிக அபூர்வம். ஒரு மருத்துவமனை பத்து ஆண்டு காத்திருந்தாலும் ஒரு ஆய்வுக்குப் போதிய நோயாளிகள் சேரமாட்டார்கள். அதனால்தான் 1997இல் பல நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஜிசிஐஜி என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஒரே ஆய்வுத் திட்டத்தை வெவ்வேறு நாடுகளில் ஒரே மாதிரி நடத்துவது அதன் வேலை.

இன்னொரு காரணம் இதைவிடச் சுவாரசியமானது. கீமோ மருந்தான பாக்ளிடாக்ஸலை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். வாரந்தோறும் கொடுத்தால் பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. வித்தியாசம் சின்னதில்லை. பல மருத்துவர்கள் உடனே மாறினார்கள். பிறகு பிரிட்டன் தலைமையில் 1,566 பெண்களை வைத்து ‘ஐகான்-8’ ஆய்வு நடந்தது. பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள். 2019இல் முடிவு வந்தபோது, வாரந்தோறும் கொடுப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று தெரிந்தது. உடல்வாகா, மரபா, நோயின் வகையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நம் பெண்களுக்கு எது பொருந்தும் என்று ஜப்பான் முடிவையோ ஐரோப்பிய முடிவையோ வைத்து அடித்துச் சொல்ல முடியுமா? நம்மவர்களும் ஆய்வில் இருந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதிலும் ஒரு கூட்டு ஆய்வு பயங்களைத் தெளிவித்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரே கட்டியை ஒவ்வொரு ஸ்கேன் மருத்துவரும் ஒவ்வொரு மாதிரி வர்ணிப்பார்கள். 1999இல் பெல்ஜியத்தின் டிர்க் டிம்மர்மன், ஸ்வீடனின் லில் வாலென்டின், லண்டனின் டாம் போர்ன் மூவரும் ‘ஐயோட்டா’ குழுவைத் தொடங்கினார்கள். முதல் வேலையே பொதுவான சொற்களை வகுத்ததுதான். சுவர் எப்படி, உள்ளே தடுப்பு உண்டா, திடப்பகுதி உண்டா, ரத்த ஓட்டம் எவ்வளவு என்று எல்லாரும் ஒரே மொழியில் எழுதினால்தானே ஒப்பிட முடியும்?

அதிலிருந்து வந்தது ‘அட்னெக்ஸ்’ என்ற கணக்குமுறை. 10 நாடுகளின் 24 மையங்களில் 5,909 பெண்களின் விவரங்களை வைத்து உருவாக்கி 2014இல் வெளியிட்டார்கள். கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். ஸ்கேனில் சாதுவாகத் தெரியும் கட்டிகளை அறுக்காமல் இரண்டு ஆண்டு கண்காணித்தபோது, அவற்றில் புற்றாகத் தெரியவந்தவை 0.4 சதவீதம்தான் என்று இதே குழு 2019இல் காட்டியது. எத்தனையோ தேவையற்ற அறுவைகளைத் தவிர்க்க இந்த ஒரு எண் போதும். ‘கட்டி என்றால் எடுத்துவிட வேண்டியதுதான்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், என்ன மாதிரிக் கட்டி என்று நின்று கேளுங்கள்.

கருக்குழாய் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

ஆமாம். சினைப்பைப் புற்றுநோய் சினைப்பையில்தான் தொடங்குகிறது என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். மரபு ஆபத்து உள்ள பெண்களிடமிருந்து நோய் வருமுன் எடுத்த கருக்குழாய்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் நுணுக்கிப் பார்த்து, 2001இல் அதில் புற்றின் முன்னோடி மாற்றங்கள் இருப்பதாக எழுதினார்கள். பிறகு பாஸ்டனில் கிறிஸ்டோபர் க்ரம் குழு குழாயின் நுனியை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்க்கும் முறையை வகுத்தபோது விஷயம் தெளிவானது. உக்கிரமான வகையில் பெரும்பகுதி குழாயின் விரல்போன்ற நுனியில் தொடங்கி, சினைப்பை மேல் உதிர்ந்து வளர்கிறது. ஆண்டுதோறும் சினைப்பையை ஸ்கேன் செய்தும் ஏன் பிடிபடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கர்ப்பப்பை எடுக்கும்போதோ குடும்பக் கட்டுப்பாடு செய்யும்போதோ குழாயைக் கட்டுவதற்குப் பதில் முழுசாக எடுத்துவிடுங்கள், சினைப்பையை விட்டுவிடுங்கள் என்றார்கள். 2022இல் வெளியான கணக்கின்படி, அப்படிச் செய்துகொண்ட 25,889 பெண்களில் சீரஸ் வகைப் புற்றுநோய் (மேலே சொன்ன உக்கிரமான வகை இதில்தான் அடங்கும்) ஒருவருக்கும் வரவில்லை. ஐந்து பேருக்காவது வந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எண்ணிக்கை சிறியது, பெண்கள் இன்னும் இளையவர்கள், ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதனால் இந்த விவாதம் கனடாவைவிட நமக்குத்தான் நெருக்கமானது என்று எனக்குத் தோன்றும்.

பிஆர்சிஏ மரபணு சோதனை யாருக்கு? அதனால் சிகிச்சை மாறுமா?

மாறும். 1994இல் பிஆர்சிஏ1, 1995இல் பிஆர்சிஏ2 கண்டறியப்பட்டன. டிஎன்ஏ உடைந்தால் சரிசெய்யும் பழுதுபார்ப்பாளர்கள் இவை. பழுதுபார்ப்பவரே பழுதானால் புற்று வரும் வாய்ப்பு கூடும். ஆனால் அதுவே புற்றின் பலவீனமும் ஆகும். வேறொரு பழுதுபார்ப்பு வழியையும், பார்ப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தால் அடைத்துவிட்டால் அந்தப் புற்றணு பிழைக்க முடியாது என்று 2005இல் இரண்டு பிரிட்டிஷ் குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. 2014 டிசம்பரில் ஓலாபரிப் என்ற பார்ப் தடுப்பு மருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. 391 பெண்கள் கலந்துகொண்ட ‘சோலோ-1’ பன்னாட்டு ஆய்வில், கீமோவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை இதை எடுத்துக்கொண்டவர்களில் 67 சதவீதம் பேர் ஏழாம் ஆண்டில் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 46.5 சதவீதம். முற்றிய நிலையில் கண்டறியப்படும் இந்த நோயில் இப்படி ஒரு இடைவெளியைப் பார்ப்பது அபூர்வம்.

ஆகவே சீரஸ் வகை உறுதியானால், குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும் பிஆர்சிஏ சோதனை பற்றிக் கேட்க வேண்டும். இந்தப் பழுது அப்பா வழியிலும் வரும். “அம்மா வழியில் யாருக்கும் இல்லை” என்று நிம்மதியடைய வேண்டாம், அத்தைமாரையும் கேளுங்கள்.

சிலருக்கு மருந்து சில காலத்தில் வேலை செய்யாமல் போகிறது. ஏன் என்று அறிய ஆஸ்திரேலியாவில் செய்தது நெஞ்சைத் தொடும் காரியம். இறந்த சில மணி நேரத்துக்குள் தங்கள் உடலிலிருந்து கட்டிகளை எடுத்து ஆராயலாம் என்று சில பெண்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்தார்கள். பழுதான பிஆர்சிஏவைப் புற்றணு தானாகவே திரும்பச் சரிசெய்துகொள்கிறது, அதுவும் ஒரே உடலில் பல வெவ்வேறு விதங்களில் என்று அந்தத் திசுக்களும் பிற நோயாளிகளின் திசுக்களும் காட்டின. 2015இல் அது வெளியானது.

அறுவை சிகிச்சையிலும் ஆய்வு உண்டா?

உண்டு. ஜெர்மன் குழு தலைமையில் நடந்த ‘லயன்’ ஆய்வு ஒன்று போதும். கண்ணுக்குத் தெரியும் புற்றை எல்லாம் எடுத்த பிறகு, வீக்கமில்லாத நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 647 பெண்களில் குலுக்கிப் பார்த்தபோது பயனில்லை. அகற்றியவர்களில்தான் 60 நாளுக்குள் இறந்தவர்கள் அதிகம், 3.1 சதவீதம் (மற்றவர்களில் 0.9). 2019இல் முடிவு வந்தது.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். நாம் சோதனை எலியா?

இந்தச் சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள், பயம் நியாயமானதும்கூட. முதலில், இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

வெற்று மாத்திரை என்றதும் ‘சிகிச்சை தராமல் விட்டுவிடுவார்கள்’ என்று நினைக்க வேண்டாம். சோலோ-1இல் எல்லாப் பெண்களும் கீமோ முடித்தவர்கள். அப்போது அதற்குப் பிறகு காத்திருந்து கண்காணிப்பதுதான் பரவலான வழக்கம். அந்த இடத்தில்தான் வெற்று மாத்திரை வந்தது. “நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை தருவீர்கள்?” என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நல்ல ஆய்வாளர் முகம் சுளிக்கமாட்டார்.

டெஸ்ட் இல்லை என்றால், எதைக் கவனிப்பது?

வயிறு உப்பியே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருவது. எல்லாம் ‘கேஸ்’ என்று ஓமவாட்டர் குடித்து ஒதுக்கும் தொல்லைகள்தான். புதிதாக வந்ததா, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக 50 தாண்டியவர்கள். அப்போது சிஏ-125உம் ஸ்கேனும் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சித்தியிடம் ‘வேண்டாம்’ என்று சொன்ன அதே டெஸ்ட்தான்.

இப்போது விடைக்காகக் காத்திருக்கும் கேள்வி எது?

பல இருக்கின்றன, எனக்குப் பிடித்தது ஒன்று. பிஆர்சிஏ1 பழுது உள்ள பெண்ணுக்கு 35 முதல் 40 வயதுக்குள் குழாய், சினைப்பை இரண்டையும் எடுத்துவிடச் சொல்வது இன்றைய நடைமுறை. நோய் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் அந்த வயதிலேயே மாதவிலக்கு நின்று, உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம் எல்லாம் வரிசையாக வரும். புற்று தொடங்குவது குழாயில் என்றால், முதலில் குழாயை மட்டும் எடுத்து, சினைப்பையை 41 முதல் 45 வயதுக்குள் எடுத்தால் போதாதா? அந்த ஐந்து ஆண்டு ஒரு பெண்ணுக்குச் சாதாரணமானதல்ல.

நெதர்லாந்தில் நடந்த ‘டியூபா’ ஆய்வு, குழாயை மட்டும் முதலில் எடுத்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருப்பதாக 2021இல் காட்டியது. பாதுகாப்பும் அதே அளவு இருக்கிறதா என்று அறிய, அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து ‘டியூபா-விஸ்ப் 2’ பல நாடுகளில் நடக்கிறது. சுமார் 3,000 பெண்கள் தேவை. எந்த வழி என்பதை இங்கே குலுக்கல் தீர்மானிப்பதில்லை, அந்தப் பெண்தான் தேர்ந்தெடுக்கிறார். முடிவு தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.